படி

அம்மா மண்டபத்துக்கு வந்தால் முதல் வேலையாகப் படி எண்ணுவேன். நீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறதோ அதை மனசில் குறித்துக்கொண்ட பிறகுதான் உட்காருவது. பல வருஷத்துப் பழக்கம். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஆடிப்பெருக்கு கழிந்து நாலாம் நாள். ஒன்பது படி தெரிந்தது. பத்தாம் படியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டாம் பெருக்கின் மிச்சம் படி இடுக்குகளில் கிடந்தது. காதோலை கருகமணி, நனைந்து சாயம் போன மஞ்சள் கயிறு, சிந்திய காப்பரிசிக்கு வந்த எறும்புச் சாரை. அக்கரையில் மலைக்கோட்டைக்கு அப்போதுதான் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புரோகிதர்கள் தர்ப்பைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறரை இருக்கும். ஒரு வேன் வந்து நின்றது. நம்பர் பலகையில் கேஏ 11, கர்நாடக வண்டி. பெண்கள் ஆறேழு பேர், இரண்டு பையன்கள், கல்லூரி வயதில் ஒரு பெண், எல்லாருக்கும் கடைசியாகப் பச்சைச் சால்வை போட்ட ஒரு பெரியவர். அவர்கள் பேச்சில் ஆதிரங்க, மத்யரங்க என்ற சொற்கள் காதில் விழுந்தன. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்த்யரங்கம். மூன்றும் காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவுகள். மூன்றிலும் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். மூன்றையும் சேர்த்துச் சேவிப்பது ஒரு விரதம் மாதிரி. இவர்கள் மூன்றாவதற்கு வந்திருக்கிறார்கள்.

படியில் ஏற்கெனவே ஒருவர் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்பாவின் திதிக்கு வந்தவர். அந்தநல்லூர்ப் பக்கம் என்று புரோகிதரிடம் சொன்னது கேட்டது. தோளில் கிடந்ததும் பச்சைத் துண்டுதான். அந்த ஊர் விவசாய சங்கத்துக்கும் பச்சை, இந்த ஊர் விவசாய சங்கத்துக்கும் பச்சை.

"பாத்து வாங்கய்யா, அந்தப் படி பாசி" என்று கை நீட்டினார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மூன்று முழுக்குப் போட்டார். எழுந்து, தலையைத் துவட்டிக்கொண்டு அதே படியில் உட்கார்ந்தார்.

"எந்த ஊருங்க?"

"மண்டியா."

பிழிந்துகொண்டிருந்த வேட்டி அவர் கையில் அப்படியே நின்றது. எனக்குள்ளும் ஏதோ ஒன்று நின்றது. மண்டியா என்றால் எங்கள் பக்கத்துப் பத்திரிகை வாசகனுக்குச் சாலை மறியலும் கொடும்பாவியும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் பத்திரிகையில் நம் பெயரும் அப்படித்தான் வந்திருக்கும். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் இருந்ததற்காகப் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. இங்கேயும் கர்நாடகத்தாரின் ஓட்டலைத் தாக்கினோம், வண்டி ஓட்டிவந்தவரை அடித்தோம். அந்த இரண்டு பச்சைத் துண்டுகளுக்கும் நடுவே இவ்வளவும் ஒரு நொடி வந்து உட்கார்ந்தது.

அந்தநல்லூர்க்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அங்க மழை எப்படி?"

"மழெ சென்னாகிதெ. கன்னம்பாடி கட்டெ தும்பிதெ."

மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. கன்னம்பாடிக் கட்டு ததும்புகிறது. கிருஷ்ணராஜசாகருக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. "நூற இப்பத்நால்கு" என்று விரலை மேலே காட்டினார் பெரியவர். அங்கே முழுக்கொள்ளளவு 124 அடிக்குச் சற்று மேல். "எங்களுக்கு மேட்டூர் நூத்திருபது" என்றார் இவர். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பெற்ற பிள்ளையின் வயதைப்போல ஆளுக்கொரு எண்ணைச் சுமந்து திரிகிறவர்கள்.

பயிரைக் கேட்டார்கள். அவருக்கு பத்த, கப்பு. நெல்லும் கரும்பும். இவருக்கு வாழை, பூவன். "பாளெ" என்று பெரியவர் சிரித்தார். 2023 பற்றிப் பேச்சு வந்தது. அந்த வருஷம் அங்கேயும் அணை நிறையவில்லை, இங்கேயும் குறுவை கருகியது. அதைச் சொல்லும்போது இருவர் குரலும் ஒரே மாதிரி இறங்கியது.

பிறகு பெரியவர் கேட்டது என்னை நிமிர வைத்தது. "நிமகெ எஷ்டு பேகு?" உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? பேத்திபோல் இருந்த அந்தப் பெண் தமிழில் சொன்னாள். பெங்களூரில் தமிழ்த் தோழிகளோடு படித்த தமிழ் என்று தெரிந்தது.

வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய கேள்வி. அந்தநல்லூர்க்காரர் பதிலுக்குப் படியைக் காட்டினார். "இதுதான் எங்க அளவு. இந்த அளவுக்கு ஓடுச்சுன்னா வாய்க்கால்ல ஏறும். இன்னும் நாலு படி இறங்கிருச்சுன்னா வாழை தலை சாஞ்சிரும்." பெரியவர் எழுந்து, மேல் படியிலிருந்து விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார். "ஒந்து, எரடு, மூரு, நால்கு." இவரும் கூடவே எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐது, அஞ்சு. ஆறு, ஆறு. ஏளு, ஏழு. எண்டு, எட்டு. இரண்டு மொழியும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் படியிறங்கி, ஒம்பத்து என்றும் ஒம்பது என்றும் ஒரே கல்லில் வந்து நின்றன.

இத்தனை நாள் நான் தனியாக எண்ணிய எண் அது. இரண்டு பேர் சேர்ந்து எண்ணினால் அதற்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

பகை கொண்ட நாடுகள் எப்படிச் சமாதானமாகின்றன என்று படித்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட நாள், கைகுலுக்கிய படம், பேனா எல்லாம் வரலாற்றில் இருக்கும். இங்கேயும் அப்படி நாட்கள் உண்டு. 1892 பிப்ரவரி 18 ஒன்று, 1924 பிப்ரவரி 18 இன்னொன்று. மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். இரண்டாவதன் பலத்தில்தான் அங்கே கன்னம்பாடிக் கட்டு முழு உயரத்தை எட்டியது, இங்கே மேட்டூர் எழுந்தது. 50 ஆண்டு கழித்து மறுபடி பேசலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். 1974 வந்தபோது காலாவதி என்றது ஒரு தரப்பு, இல்லை என்றது மறு தரப்பு. நல்ல மழைக்கால ஆண்டுகளில் அந்தக் காகிதம் தாங்கியது. மழை பொய்த்த ஆண்டில் யார் எவ்வளவு இழப்பது என்று அதில் தெளிவில்லை. பெருக்கைக் கொள்ளக் காவிரிக்குக் கொள்ளிடம் இருக்கிறது. வறட்சியின் கோபத்தைக் கொள்ள இரண்டு ஊருக்கும் நடுவே ஓரிடமும் இருக்கவில்லை.

அந்த இடத்தை விவசாயிகளே ஒருமுறை அமைத்துப் பார்த்தார்கள். 2003 ஏப்ரலில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில், இரு மாநில விவசாயிகளும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். காவிரிக் குடும்பம் என்று பெயர். காவிரி நீருக்காக உச்ச நீதிமன்றப் படியேறிய மன்னார்குடி ரங்கநாதன் இந்தப் பக்கம், மண்டியா விவசாயிகளின் தலைவர் புட்டண்ணையா அந்தப் பக்கம். பேசிப் பிரியவில்லை அவர்கள். அங்கிருந்து வந்து டெல்டா வயல்களில் நடந்தார்கள், இங்கிருந்து போய் மண்டியா வயல்களில் நடந்தார்கள். எதிரி ஊரிலும் வயல் காய்கிறது என்பதைச் செய்தியாகக் கேட்பது வேறு, அந்த வெடிப்பில் கால் வைப்பது வேறு. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பங்கீட்டு முறை ஒன்றை அவர்களால் எட்ட முடியவில்லை. அரசுகளும் அந்தக் குடும்பத்தைத் தங்கள் மேஜைக்கு அழைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த ஆண்டுகளில் எதிர்த்தரப்பு என்று சொல்லப்பட்டவரின் வீட்டில் சாப்பிட்டுத் திரும்பிய விவசாயிகள் இரு பக்கமும் உண்டு. அது வீண் போகாது என்று நம்புகிறவன் நான்.

பெரியவரின் கூட்டம் கோயிலுக்குக் கிளம்பியது. நானும் சற்று இடைவெளி விட்டு நடந்தேன்.

அர்ச்சுன மண்டபத்தில் ஒரு மூலை. அங்கே விக்கிரகம் கிடையாது, சுவரில் தீட்டிய ஓவியம்தான். துலுக்க நாச்சியார். வேனில் வந்த அம்மாள் ஒருத்தி திரைக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நம்ம பீபி நாச்சியாரு!" என்று கூப்பிட்டே விட்டாள். மற்றப் பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் ஜில்லாவில் இருக்கும் மேல்கோட்டையிலும் இந்தப் பெண் தெய்வமாக இருக்கிறாள். வெளியூரில் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்ட மகிழ்ச்சி அவர்களுக்கு.

கதை இதுதான். படையெடுத்து வந்தவர்கள் டெல்லிக்குத் தூக்கிப்போன அழகிய மணவாளனின் விக்கிரகத்தின்மேல் சுல்தானின் மகள் உயிரையே வைத்துவிட்டாள். அது திரும்பிப் போனதும் தாங்காமல் பின்னாலேயே வந்து ஸ்ரீரங்கத்தில் கலந்துவிட்டாள். கதைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு இவ்வளவு மென்மையானதில்லை. 1311-ல் டெல்லித் தளபதி மாலிக் கபூர் வந்தான். 1323-ல் உலூக் கானின் படை வந்தது. பன்னீராயிரம் பேர் தலையிழந்ததாக இந்த ஊர் இன்றும் சொல்கிறது. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் அந்த விக்கிரகமான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு போய், மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். நம்பெருமாள் ஊர் ஊராக அலைந்தார். மேல்கோட்டையும் அவரை வைத்துக் காத்தது. 1371-ல்தான் திரும்பி வந்தார். நாற்பத்தெட்டு ஆண்டு.

அப்படிப்பட்ட ஊர், அந்தப் படை வந்த வீட்டுப் பெண்ணைத் தன் பெருமாளுக்கு நாச்சியாராக்கிக்கொண்டது. வெறும் கதையாகச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் அது எப்போதோ தேய்ந்திருக்கும். படித்தரத்தில் சேர்த்தார்கள். கோயில்களில் படித்தரம் என்றால் இன்ன வேளைக்கு இன்ன அளவு என்று எழுதிவைத்த நித்தியக் கணக்கு. அரிசி எத்தனை படி, நெய் எவ்வளவு, பூ எத்தனை முழம். துலுக்க நாச்சியாருக்காக இங்கே பெருமாளுக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அமுதாகிறது. திருமஞ்சனத்தில் அவர் கைலி உடுத்துவதும் உண்டு. பகல் பத்தில் அவள் சந்நிதிக்கு எதிரே படியேற்ற சேவை நடக்கிறது. அரிசிச் சோறு உண்ணும் ஊரில், மடைப்பள்ளியில் ஒருவர் கோதுமை மாவு பிசைகிறார். அன்று அவருக்குக் கோபமா, சோர்வா, செய்தித்தாளில் என்ன வந்தது என்பதெல்லாம் அந்த ரொட்டிக்குத் தெரியாது. படித்தரம் என்றால் நடந்தாக வேண்டும்.

இந்த ஊர் படுகொலையையும் மறக்கவில்லை, அதை நாள்பார்த்துச் சொல்கிறது. ரொட்டியையும் நிறுத்தவில்லை. இரண்டும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. மறந்தால்தான் சமாதானம் என்பவர்களையும், நினைவு இருக்கும்வரை பழிதான் என்பவர்களையும் இந்த மூலைக்கு அழைத்துவர ஆசை எனக்கு.

மத்தியானம் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டினேன். மெயின்கார்டு கேட்டில் இறங்கி நத்ஹர்வலி தர்காவுக்கு நடந்தேன். பச்சைக் குவிமாடத்தின் நிழலில் சாம்பிராணிப் புகை. மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு ஒரு தாய் குழந்தைக்கு மயிற்பீலியால் ஓதி வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது.

இந்த வளாகத்தில்தான் சந்தா சாகிபும் அடங்கியிருக்கிறார், அவருடைய பகைவர் நவாப் முகமது அலியும் அடங்கியிருக்கிறார். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இருவரும் மோதினார்கள். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, மற்றவருக்கு ஆங்கிலேயர் துணை. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்துக்குள் ஒதுங்கிய பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியிடம் சிக்கித் தலையிழந்தார். அதோடு முடிந்ததா? முகமது அலி மைசூரின் நஞ்சராஜாவுக்கு இரகசியமாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். படையுதவிக்குப் பதிலாகத் திருச்சிராப்பள்ளியையே தருவதாக வாக்கு. வென்றதும் கைவிரித்துவிட்டார். துணைக்கு வந்த மைசூர்ப் படை ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதிரியானது. மேலும் சில ஆண்டு ரத்தம் ஓடியது. மறைவில் கொடுத்த வாக்குக்கு அளவுகல் கிடையாது. எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு பாக்கி என்று இரண்டு ஊரும் சேர்ந்து எண்ணிப் பார்க்க முடியாது.

அந்த இரண்டு நவாபுகளும் ஒரே மண்ணில் இன்று அமைதியாக இருக்கிறார்கள். இந்த அமைதிக்காக யாரும் உழைக்கவில்லை. சாவு தந்தது. உயிரோடு இருக்கும்போது வேண்டும் என்றால் அதற்குப் படித்தரம் வேண்டும்.

அன்று இந்தக் கரையில் அடித்துக்கொண்ட பிரான்சும் இங்கிலாந்தும் 1904-ல் தங்கள் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டன. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் பகை இன்னும் ஆழம். எழுபது ஆண்டுக்குள் மூன்று போர். 1951-ல் பீரங்கி செய்யத் தேவையான நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது நிர்வாகத்தின் கீழ் வைத்தார்கள். 1963 ஜனவரி 22 அன்று பாரீஸின் எலிசே மாளிகையில் கையெழுத்தான உடன்படிக்கையில் நான் மதிப்பது அதன் படித்தரத்தைத்தான். இரு நாட்டுத் தலைவர்களும் ஆண்டுக்கு இருமுறையாவது சந்திக்க வேண்டும், வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது. பேச விஷயம் இருக்கிறதோ இல்லையோ, மனசு ஒப்புகிறதோ இல்லையோ, கெடு வந்தால் உட்கார்ந்தாக வேண்டும். அதே ஆண்டில் இளைஞர்களை அங்கும் இங்கும் அனுப்ப ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். பல லட்சம் பிள்ளைகள் எதிரி என்று பாட்டன் சொன்ன ஊரில் போய்த் தங்கி வந்திருக்கிறார்கள்.

நம் பக்கமும் உண்டு. 1960-ன் சிந்து நதி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ஓர் ஆணையர், பாகிஸ்தானுக்கு ஓர் ஆணையர், ஆண்டுக்கு ஒருமுறையாவது சந்திப்பு. 1965, 1971, 1999 என்று மூன்று போர்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு இந்தியா அதை நிறுத்திவைத்தது. அந்தக் கோபத்தின் நியாயம் புரியாதவர் யாருமில்லை. ஆறு பத்தாண்டு ஓடிய ஒரு கணக்குப் புத்தகம் மூடிக் கிடப்பதைப் பார்க்க மனசு கனக்கவும் செய்கிறது.

காவிரிக்கு இப்போது ஒரு படித்தரம் வந்திருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்த்தது. அந்த ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது, கூடவே ஒழுங்காற்றுக் குழுவும் வந்தது. இரண்டு ஊர் அதிகாரிகளும் முறைவைத்துக் கூடுகிறார்கள். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றை அளக்கிறது. அங்கே பதிவாகும் எண்ணை பெங்களூரும் பார்க்கிறது, சென்னையும் பார்க்கிறது. கூட்டத்தில் சண்டை போடுகிறார்கள், வெளிநடப்பும் நடக்கிறது. 2023-ல் மறுபடி பந்த் நடந்தது. இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறார்கள். எனக்கு அந்தத் தேதி பெரிது. மடைப்பள்ளியில் மாவு பிசைவது போன்ற வேலை அது. யாரும் மாலை போட மாட்டார்கள். ஒருநாள் நின்றால்தான் அருமை தெரியும்.

அந்த வேலையோடு காலையில் பார்த்த கேள்வியும் சேர வேண்டும். "எவ்வளவு தருவாய்" என்று இந்தப் பக்கமும் "தர மாட்டேன்" என்று அந்தப் பக்கமும் நூறாண்டு பேசியாயிற்று. "உங்களுக்கு எவ்வளவு வேண்டும்" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் மறைக்காமல் படியைக் காட்டி, இருவரும் சேர்ந்து எண்ணிய அந்த அரை நிமிஷத்துக்கு நான் சாட்சி.

சாயங்காலம் திரும்பியபோது வேன் போய்விட்டிருந்தது. காலையில் கிளம்பும் முன் அந்தப் பெண் தன் போனில் அந்தநல்லூர்க்காரரின் எண்ணைப் பதிந்துகொண்டதைப் பார்த்தேன். பெரியவர் கும்பிட்டு, "பர்த்தீனி அண்ணா" என்றார். வருகிறேன் அண்ணா. போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்லி விடைபெறுவது அவர்களுக்கும் வழக்கம்தான் போலிருக்கிறது.

மறுநாள் விடியலில் வழக்கம்போல வந்து எண்ணினேன். எட்டு. ஒரு படி ஏறியிருந்தது. கன்னம்பாடியில் ததும்பியது மேட்டூர் தாண்டி, முக்கொம்பில் பிரிந்து வந்து சேர இன்னும் நாளாகும், இது அதுவாக இருக்காது. இருந்தாலும் மனசு அதோடுதான் சேர்த்துப் பார்த்தது.

உட்காரப் போனேன். இத்தனை வருஷமாகப் பக்கத்துத் தூணடியில் தர்ப்பை பிரிக்கும் புரோகிதர், நேற்றுப் பையன்கள் எண்ணியதை அவரும் கேட்டிருப்பார்போல, தலை நிமிராமல் கேட்டார்.

"இன்னிக்கு எத்தனை?"

"எட்டு" என்றேன்.

அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "ஆமா, எட்டு" என்றார்.